முனைத்தேக்கம்: கதிர் உணரியில் 'போலரைசேஷன்'

பாளையங்கோட்டையில் இயற்பியல் படிக்கிற என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, காமா கதிர் உணரியில் போலரைசேஷன் வருமாமே, ஒளி ஒரே தளத்தில் அதிர்வதற்குச் சொல்கிற தளவிளைவுதானா அது?" இல்லை. பெயர்தான் ஒன்று.

வேர், 'போலோஸ்' என்ற கிரேக்கச் சொல். சுழலும் அச்சு என்று பொருள். லத்தீன் வழியாக வந்த அதை ஒளிக்குச் சூட்டியவர் பிரெஞ்சுக்காரர் மாலுஸ். மின்னேற்றங்கள் பிரிந்து நிற்பதற்கும் பிறகு அதே சொல் ஒட்டிக்கொண்டது. உணரிக்காரர்கள் சொல்வது இதைச் சார்ந்தது.

காமா உணரியாகப் பயன்படும் தாலியம் புரோமைடு படிகத்தைப் பாருங்கள். ('தாலோஸ்' என்றால் கிரேக்கத்தில் பச்சைத் தளிர், 1861-இல் நிறமாலையில் தெரிந்த பச்சைக் கோட்டால் தாலியத்துக்கு வந்த பெயர்.) காமாவை நன்றாகத் தடுக்கும், ஜெர்மேனியம் உணரி போலக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் கேட்காது. ஆனால் மின்னழுத்தம் கொடுத்தபடியே விட்டால் படிகத்தின் அயனிகளும் மெல்ல நகரும். புரோமைடு நேர்முனைக்கும் தாலியம் எதிர்முனைக்கும் போய், வெளியேற வழியில்லாமல் சேரும். உள்ளே மின்புலம் குலையும், காமா எழுப்பிய மின்னேற்றம் முழுதாக முனைக்கு வந்து சேராது. சீசியம் 137 என்ற கதிரியக்கப் பொருளின் காமாவுக்கு, ஆற்றல் வரைபடத்தில் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் நிமிர்ந்து நின்ற முகடு, நாள் போகப் போகத் திரையில் இடப்பக்கம் சரிந்து அகலும்.

தாமிரபரணி வாய்க்காலில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மடையை அடைத்துக்கொள்வது மாதிரிதான். அணையில் தண்ணீர் மட்டம் குறையாது, கடைமடைக்கு மட்டும் வந்து சேராது.

இதைத் தமிழில் 'துருவப்படுத்தல்' என்பது எனக்குப் பிடிக்கவில்லை. துருவம் என்ற வடசொல்லுக்கு அசையாதது, நிலையானது என்று பொருள். நிலைத்தன்மையைக் கெடுப்பதற்கு அந்தப் பெயரா? 'முனைவாக்கம்' சரி, ஆனால் அது மின்காப்புப் பொருளில் நடப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதனால் முனைத்தேக்கம் என்கிறேன். கூடங்குளம் இருக்கிற சீமை இது, கதிர் அளவிச் சொற்கள் நமக்குப் பளிச்சென்று புரிய வேண்டும்.

இந்தப் பெயரில் மருந்தும் தெரிகிறது. மின்முனையைத் தாலியத்திலேயே செய்தால், வந்து சேரும் புரோமைடு அதோடு கூடி அதே படிகமாகிவிடும். எதிர்முனையில் தாலியம் உலோகமாகப் படியும். தேங்க இடமில்லை. நேர்முனை கரைந்துகொண்டே வருமே என்றால், அவ்வப்போது மின்னழுத்தத்தின் நேர், எதிர் முனைகளை இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். குளிர்வித்தால் அயனிகளின் நடை தளரும், அதுவும் உதவும். காட்மியம் டெல்லுரைடு என்ற இன்னொரு உணரிப் படிகத்தில் தேங்குவது அயனி அல்ல, சிக்கிக்கொண்ட மின்னேற்றம். மின்னழுத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கொடுத்தால் தேறிவிடும்.

அவள் குறிப்பேட்டில் இப்படி எழுதச் சொன்னேன்: "முனைத்தேக்கத்தால் முகடு சரிந்தது, முனைகளை மாற்றியதும் பழைய இடத்துக்கு வந்தது."