சொல் விளக்கம்: பப்பேலெஸ்

ஸ்பானியத்தில் 'பப்பேல்' என்றால் தாள்; 'பப்பேலெஸ்' பன்மை. லத்தீன் 'பப்பீருஸ்' வழியாக வந்த சொல். பழைய எகிப்தியர் எழுதப் பயன்படுத்திய கோரைத் தாளின் பெயர் அது.

அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் இதற்குப் பொருள் வேறு: நாட்டில் சட்டப்படி தங்கும் தகுதி. குடியுரிமைக்குச் 'சியுதாதனியா' என்று தனிச்சொல் உண்டு. கிரீன் கார்டு வாங்கியவரிடம் பப்பேலெஸ் இருக்கிறது, சியுதாதனியா இல்லை. கூடவே 'அர்ரெக்லார்' என்ற வினையும் வரும். சரிசெய்தல் என்று பொருள். "மாமா சரிசெய்துவிட்டார்" என்றால் எதை என்று யாரும் கேட்பதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் இப்படிச் சரிசெய்துகொண்டார்கள்.

இந்த வேறுபாட்டை அங்கே வளரும் பெண்கள் வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொள்கிறார்கள். மெக்சிகோவில் பிறந்து கைக்குழந்தையாக வந்த அக்காவிடம் பப்பேலெஸ் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த தங்கை, 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி பிறவிக் குடிமகள். 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக இருவருக்கும் ஒரே அரசுப் பள்ளி, ஒரே வாத்தியார். கல்லூரி உதவித்தொகைக்கும் முதல் வேலைக்கும் படிவம் நிரப்பும்போதுதான் பாதை பிரிகிறது. சிறுவயதில் வந்த ஆவணமற்றவர்களை நாடுகடத்தாமல் வேலை செய்ய விடும், 2012இல் வந்த 'டாக்கா' (DACA) திட்டமும் 2007 ஜூன் முதல் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே. இன்று பள்ளியில் படிப்பவர்களில் அநேகமாக யாருக்கும் அது எட்டாது.

தங்கை 21 வயதில் பெற்றோருக்காக மனுச் செய்யலாம். வீடே அந்தப் பிறந்தநாளை எதிர்பார்த்திருக்கும். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் 10 ஆண்டுகள் திரும்பி வரத் தடை. அனுமதியின்றி எல்லை தாண்டி வந்த பெற்றோர் பலர், வெளியே போய்த்தான் விசா வாங்க வேண்டும் என்பதால், சிக்கிக்கொள்வது இங்கேதான். பிள்ளை பெற்றே குடியுரிமை வாங்கிவிடுகிறார்கள் என்று ஏசுவோர் இந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை போலும்.

தாள் இருந்தால் மட்டும் ஊர் தன்னவளாக ஏற்றுக்கொண்டுவிடுமா? அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அந்தப் பெண்களிடமும் "நீ எந்த நாடு?" என்று கேட்கிறார்கள். அப்பா அம்மாவின் ஊருக்குப் போனாலோ 'கிரிங்கா' (அமெரிக்கக்காரி) என்ற கேலி. 'நி தே அக்கி, நி தே அயா' என்பது இந்தத் தலைமுறையின் வாயில் அடிக்கடி வரும் தொடர்: இங்கத்தவளும் இல்லை, அங்கத்தவளும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? 'காகிதம்' கடிதத்தை நினைவூட்டும், 'பத்திரம்' நிலத்துக்குப் போய்விடும். 'ஆவணம்' பொருந்துகிறது, 'சின் பப்பேலெஸ்' என்பதற்கு 'ஆவணமற்றவர்'. செய்திகளில் 'சட்டவிரோதக் குடியேறி' என்று எழுதுவது மொழிபெயர்ப்பு அல்ல, தீர்ப்பு. 'குடியுரிமை'யைச் சியுதாதனியாவுக்கே விட்டுவிடலாம். கதையில் ஒரு பெண் பேசும் இடமென்றால், நம்மவர் சொல்வதுபோல் "கையில் பேப்பர் இல்லை" என்றே எழுதலாம்.