15டபிள்யூ-40: படகின் உள்ளிணைப்பு இயந்திரத்துக்கு எந்த ஒயில்?

கொழும்பு, பஞ்சிகாவத்தைக் கடைகளில் அடுக்கியிருக்கும் ஒயில் கலன்களில் ‘15டபிள்யூ-40’ என்று அச்சிட்டிருப்பதைப் படகு வைத்திருப்போர் கண்டிருப்பர். முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், அடுத்த எண் 100 பாகை செல்சியஸில் அதன் பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) எந்த எல்லைக்குள் நிற்கும் என்பதையும் சொல்கின்றன. 40 என்றால் அந்த எல்லை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. முகத்துவாரத்திலிருந்து கடலுக்குப் போகும் படகு கடுங்குளிரைக் காண்பதே இல்லையாகையால், நமக்கு முக்கியமானது இரண்டாவது எண்ணே.

வீதியில் ஓடும் வாகனம் இறக்கத்தில் இளைப்பாறும். படகின் உடலுக்குள்ளேயே பொருத்தப்படும் உள்ளிணைப்பு இயந்திரத்துக்கு அந்த ஓய்வு இல்லை. புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளும் வரை மணிக்கணக்காகப் பெருஞ்சுமை அதன்மேல் இருக்கிறது. சுழலும் கிராங்க் தண்டு தன்னோடு இழுத்துச் செல்லும் ஒயில், பேரிங்கின் ஒடுங்கிய இடைவெளியில் ஆப்புப்போல் புகுந்து தண்டை மிதக்க வைக்கிறது. சூட்டில் ஒயில் அளவுக்கு மீறி இளகினால் அந்தப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். ஆனால் கெட்டியான ஒயிலே பாதுகாப்பு என்று பலர் நம்புவது எனக்குக் கவலை தருகிறது. தேவைக்கு மேல் கெட்டியானது, இயந்திரத்தைத் தொடங்கும்போது மேற்பகுதிகளுக்குத் தாமதித்தே போய்ச் சேர்வதோடு, உராய்வையும் எரிபொருள் செலவையும் கூட்டும்.

15டபிள்யூ-40 போன்ற, குளிருக்கும் சூட்டுக்கும் தனித்தனி எண் கொண்ட பல்தர ஒயிலில் நீண்ட சங்கிலி வடிவப் பொலிமர்கள் கலந்திருக்கின்றன. குளிரில் சுருண்டு கிடக்கும் இவை சூட்டில் விரிந்து, ஒயில் மிகையாக இளகாமல் தடுக்கின்றன. நாட்பட ஓடும்போது இச்சங்கிலிகள் நறுக்குண்டு, 40ஆக ஊற்றிய ஒயில் 30இன் அளவுக்கு இறங்கிவிடலாம். சில பழைய கடல் இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளர்கள் ஒற்றைத் தரமான எஸ்ஏஈ 40ஐ (எஸ்ஏஈ என்பது இந்தப் பாகுத்தன்மை எண்களை வகுத்த அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம்) விதித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இயந்திரக் கைநூலே முதல் வழிகாட்டி.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஏபிஐ வகுப்பு, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் ஒயிலின் செயல்திறனுக்கு வகுத்த தரம். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. ஒயிலிலுள்ள காரச் சேர்க்கைகள் அதை நடுநிலையாக்குகின்றன. டிபிஎன் எனும் அளவு இந்தக் கார இருப்பையே காட்டுகிறது. சிஐ-4 வகுப்பு, 0.5 சதவீதம் வரை கந்தகமுள்ள டீசலையும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. பிந்திய சிகே-4, புகை வடிகட்டி பொருத்திய, கந்தகம் குறைந்த டீசலில் ஓடும் வாகனங்களை முதன்மையாக நோக்கியது. சாதாரண டீசலில், வடிகட்டியின்றி ஓடும் படகுக்குக் கைநூல் இடங்கொடுத்தால் நான் சிஐ-4ஐயே தெரிவேன். பெட்ரோல் இயந்திரமென்றால், துருத்தடுப்புச் சோதனையும் தேறிய எஃப்சி-டபிள்யூ எனும் படகு ஒயில் தர முத்திரையைப் பார்க்கலாம்.

கடல்நீரால் நேரடியாகக் குளிரூட்டப்படும் இயந்திரங்களை, உப்புப் படியாதிருக்க, ஏறத்தாழ 60 பாகையில் ஓடவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஒயிலில் சேரும் ஈரம் முழுதாக ஆவியாகிப் போவதில்லை. அதனால் ஒயிலை முந்தியே மாற்ற வேண்டும். அளவுக்கோலில் ஒயில் பால்நிறமாகத் தெரிந்தாலோ, எந்தத் தரத்து ஒயிலை ஊற்றியும் பயனில்லை. இயந்திரத்தை நிறுத்தி, நீர் உட்புகும் இடத்தைத் தேட வேண்டும்.