விமானம் ஏறும் முன் கைக்கு வரவேண்டிய கடிதம்

சம்பளப் பாக்கி என்று சொல்லிக்கொண்டு வரும் கட்டுமானத் தொழிலாளர்களிடம் நான் முதலில் கேட்பது ஐபிஏ கடிதத்தைத்தான். பலர் விழிக்கிறார்கள். "அது கம்பெனியிடம் இருக்கும் சார்" என்பார்கள். சிங்கப்பூரில் இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து என்னை வருத்தும் பதில் இது.

வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு முதற்கட்ட ஒப்புதல் தரும் கடிதமே ஐபிஏ. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் என்ன, மாதந்தோறும் எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தொழிலாளிக்குப் புரியும் மொழியில், அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே முதலாளி அதை அனுப்பிவைக்க வேண்டும். தமிழிலேயே வரும் கடிதத்தை வாசிக்காமல் முகவரின் வாய்ச்சொல்லை நம்பி விமானம் ஏறுகிறார்கள் நம் பிள்ளைகள்.

அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய ஐபிஏயில் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வந்து சேர்ந்த இரண்டாம் நாள், வேலைக்குப் புறப்படும் லாரியின் அருகில் நிற்க வைத்து ஓர் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் 600 வெள்ளி. "இருநூறுதானே சார் குறைவு, ஓடி (ஓவர்டைம், மிகைநேர வேலை) பார்த்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்" என்றார்.

அந்த ஓடியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாத அடிப்படைச் சம்பளத்தைப் 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம் வரும். மிகைநேரத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு. 800 வெள்ளிக்கு அது 6.29, 600 வெள்ளிக்கு 4.72. சட்டம் பொதுவாக அனுமதிக்கும் உச்சவரம்பான 72 மணி நேரம் ஓடி பார்த்தால், அதில் மட்டும் மாதம் 113 வெள்ளி போகிறது. மொத்தம் 313 வெள்ளி. ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கி வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தொகை!

முதலாளி நினைத்தபடி சம்பளத்தைக் குறைத்துவிட முடியாது. தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும்; அமைச்சுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் குறைப்பு செல்லாது. 2017இல் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றமும் ஐபிஏயில் உள்ள தொகைக்கே எடை கொடுத்தது. அது அரசாங்கத்திடம் முதலாளியே அறிவித்த தொகை. உண்மைச் சம்பளம் வேறு என்றால் அதை நிரூபிப்பது அவர் பொறுப்பு.

வேறு சிலவும் உண்டு. லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருப்பதற்காக அரசாங்கத்துக்குச் செலுத்தும் தீர்வை, முதலாளி கட்ட வேண்டியது, சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். வேலை கொடுக்கவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ முதலாளி பணம் கேட்டால், 30,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது காலக்கெடுவுக்கு. வேலையில் இருக்கும்போது கோரிக்கை வைத்தால் கடந்த ஓராண்டுப் பாக்கியைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டவர்களுக்கு ஆறு மாத அவகாசம். முதலில் முத்தரப்புச் சமரச அமைப்பு இரு தரப்பையும் அழைத்துப் பேசும்; தீராவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகும். புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் மாதங்களை விழுங்கிவிடுகிறார்கள். பெர்மிட்டை ரத்து செய்தாலும், கோரிக்கை முடியும்வரை தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது.

அந்த இளைஞர் பதினாறு மாதம் பொறுத்திருந்துவிட்டு வந்தார். கம்பெனியிடம் ஐபிஏ கேட்கத் தயங்கினார். நல்லவேளை, கிளம்பும்போது அக்காள் கணவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். ஓடி பார்த்த மணி நேரங்களைத் தேதிவாரியாக ஒரு சின்ன நோட்டில் குறித்தும் வைத்திருந்தார் இவர். அவை இரண்டையும் வைத்துப் பன்னிரண்டு மாதப் பாக்கியைச் சமரசத்திலேயே வாங்கினோம். முதல் நான்கு மாதப் பணம் போனது போனதுதான்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இங்கே கிளம்புகிறார்கள் என்றால், பெட்டி கட்டும் முன் அந்தக் கடிதத்தை வாங்கி வாசியுங்கள். ஒரு பிரதி ஊரிலேயே இருக்கட்டும்.