கம்பியில்லாத படிக்கட்டு

குடியாத்தம் பக்கத்திலிருந்து வேலூர் வந்திருந்த ஓர் அக்கா, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் வாசலில் என்னிடம் கேட்டார்: "வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு வந்துடுச்சு. எனக்கு ரெண்டு தடவை பார்த்தாச்சு, இல்லைன்னுதான் சொல்றாங்க. என் ரத்தத்துல ஏதாவது சத்து இருக்கா தம்பி?"

கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வைரஸ் தொற்றாத மனிதர்கள் உண்மையிலேயே உலகில் இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் சத்து அல்ல, ஒரு குறை.

ஓடுகிற டவுன் பஸ்ஸில் தொற்றி ஏறுபவரைப் பாருங்கள். படியில் கால் வைத்தால் மட்டும் போதாது, கையும் கம்பியைப் பிடித்தாக வேண்டும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். வெள்ளை அணுவின் மேல் இருக்கும் சி.டி.4 என்ற புரதம் அதற்குப் படி. சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதம் கம்பி. இரண்டும் கிடைத்தால்தான் அது அணுவுக்குள் நுழையும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கம்பி இல்லை. 1996இல்தான் இது தெரியவந்தது.

கம்பி எப்படிக் காணாமல் போகிறது? நம் செல்கள் மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிக்கின்றன. 'அம்மா பழம் தருக' என்பதை அப்படி மூன்று மூன்றாகப் படியுங்கள். நடுவில் 'ப', 'ழ' என்ற 2 எழுத்துகளை எடுத்துவிட்டால், 'அம்மா ம்தரு க' என்றாகிவிடும். போனது 2 எழுத்து, கெட்டது அதற்குப் பின்னால் வரும் அத்தனையும். கம்பி இல்லாதவர்களின் சி.சி.ஆர்.5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. 32 மூன்றால் வகுபடாத எண். அதனால் 352 அமினோ அமிலங்களில் முடிய வேண்டிய புரதம் 215இலேயே அறுந்துபோய், செல்லின் மேற்பரப்புக்கு வந்துசேராமலே நின்றுவிடுகிறது.

இந்தக் குறை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால்தான் வலுவான பாதுகாப்பு. ஒரு பக்கம் மட்டும் வந்தால் தொற்று வரலாம், ஆனால் நோய் முற்றுவது தாமதமாகும். இரண்டு பக்கமும் வந்தவர்களுக்கும் முழு உத்தரவாதம் கிடையாது, ஏனென்றால் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறொரு கம்பியைப் பிடித்து ஏறும் எச்.ஐ.வி. வகையும் உண்டு. எச்.எல்.ஏ. பி57 மரபணு உள்ள சிலரின் கதை வேறு: அவர்களுக்குத் தொற்று வந்தாலும், மருந்தில்லாமலே வைரஸை உடல் அடக்கி வைக்கிறது.

இதில் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. 1986இல் சென்னை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துவந்தார். அங்கே பரிசோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அதே ஆண்டில் அதே சி.எம்.சி.யில், வெள்ளை அணுக்கள் உருவாகும் இடமான எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சையும் தொடங்கியது.

அந்தச் சிகிச்சைதான் பின்னாளில் பெர்லினில் ஒருவரை எச்.ஐ.வி.யிலிருந்து விடுவித்தது. திமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய், கூடவே எச்.ஐ.வி. 2007இல், இரண்டு வழியிலும் அந்தக் கம்பி இல்லாத ஒருவரின் மஜ்ஜையை டாக்டர்கள் தேடிப் பிடித்து அவருக்கு வைத்தார்கள். 2020இல் புற்றுநோய் திரும்பி அவர் இறக்கும்வரை எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை என்பதால், புற்றுநோய் இல்லாதவர்களுக்கு இதைச் செய்வதில்லை.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 100இல் ஒருவருக்கு இரு வழிக் குறையும் உண்டு. நம் மக்களிடம் அது மிக மிக அரிது. ஒவ்வொரு உறவிலும் வைரஸ் தொற்றிவிடுவதில்லை, இதுவரை நீங்கள் தப்பியதற்கு அதுவே காரணமாக இருக்கும், அதை நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள் என்றேன். "அவர் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடட்டும்க்கா. டெஸ்டில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றால், உறவு மூலமா உங்களுக்குத் தொத்தாது."