ஒலியுலா: ஆடியோ டூருக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆடியோ டூர், ஆடியோ கைடு, செல்ஃப் கைடட் டூர் என்று மூன்று பெயர்கள் ஏறக்குறைய ஒரே பொருளில் புழங்குகின்றன. பொருள் எளிதுதான். ஓர் ஊரைப் பற்றிப் பேசும் குரலை முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். நாம் அதைப் போனில் இறக்கிக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, தோன்றிய நேரத்தில் ஊரைச் சுற்றலாம். 'இந்த வாசலில் நில்லுங்கள், இடப்பக்கத் தூணைப் பாருங்கள்' என்று குரல் கூடவே வரும்.

ராமேஸ்வரம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது இன்னும் சுலபம். லோக்கல் சுற்றிக் காட்டும் ஆட்டோக்காரர், ராமர் பாதத்தில் ஒரு கதை, கோதண்டராமர் கோயிலில் ஒரு கதை, வில்லூண்டித் தீர்த்தத்தில் "கடலுக்கு நடுவுல நல்ல தண்ணி சார், குடிச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். அந்தப் பேச்சை மட்டும் ஆட்டோவிலிருந்து பிரித்தெடுத்துப் போனில் வைத்தால் அதுதான் ஆடியோ டூர்.

முதலில் பிறமொழிச் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். 'ஆடியோ' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது வினைச்சொல். 'நான் கேட்கிறேன்' என்று பொருள். அதைப் பார்த்துச் செய்த 'வீடியோ'வுக்கு மூலம் 'நான் பார்க்கிறேன்'. ஆக ஆடியோ என்பது காதின் பக்கத்திலிருந்து பிறந்த சொல். நாம் அதற்கு இணையாக வைத்த 'ஒலி' எழுப்புகிறவர் பக்கத்திலிருந்து பிறந்தது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் யாரோ 'கேட்பொலி' என்று ஒன்றைச் செய்தார்கள். அகராதிக்குச் சரி, வாய்க்குச் சரிப்படவில்லை.

'டூர்' கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு என்று சுற்றி வந்த சொல். அதன் வேர் கடைசல் பட்டறைக் கருவியைக் குறித்தது. வட்டம் போடும் கருவிக்கும் அதே பெயர். அதிலிருந்து சுற்று, திருப்பம், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பயணம். நம் 'சுற்றுலா'வும் அதே சுற்றில்தான் நிற்கிறது: சுற்று, உலா. இதில் 'உலா' மிகப் பழைய சரக்கு. அரசனோ இறைவனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவதைப் பாடும் சிற்றிலக்கியத்துக்கே அதுதான் பெயர். உலாவில் எல்லோரும் பார்ப்பது வருகிறவரை. சுற்றுலாவில் வருகிறவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். சொல் அப்படியே இருக்க, பார்வை மட்டும் திசை மாறிவிட்டது.

பயணத்துக்குச் சங்கத் தமிழில் 'செலவு' என்றும் ஒரு சொல் உண்டு. இன்றைக்கு அது காசு போவதை மட்டும் குறிக்கிறது. குடும்பத்தோடு ஒரு முறை டூர் போய் வந்தவருக்கு இரண்டு பொருளும் ஒன்றுதான்.

'கைடு' ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வழியைச் சுட்டுவது, அறிவது என்ற பொருள்கள் அதில் உண்டு. அதற்கு 'வழிகாட்டி' பழுதில்லாத தமிழ். ஆடியோ கைடை 'ஒலிவழிகாட்டி' என்றால் யாருக்கும் புரியும். கருவியையோ பதிவையோ குறிக்க அந்தச் சொல் போதும். அதை மாற்ற வேண்டியதில்லை. சிக்கல் எல்லாம் டூரில்தான். அதற்கு முன் இந்தப் பொருள் வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெயர் அதோடு ஒட்ட வேண்டும்.

1952-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இதன் முதல் வடிவம் வந்தது. வானொலி போல ஓரிடத்திலிருந்து பேச்சை ஒலிபரப்பினார்கள். பார்வையாளர்கள் கையடக்கக் கருவியைக் காதோடு சேர்த்துக்கொண்டு கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சு என்பதால், கூட்டம் மொத்தமும் ஒன்றாகத் தலையைத் திருப்பி, ஒன்றாக அடுத்த படத்துக்கு நகர்ந்தது. பிறகு கேசட் வந்தது, 1979-ல் வாக்மேன் வந்தது. நினைத்தபோது நிறுத்தலாம், ஆனால் வரிசையைத் தாண்ட முடியாது. டிஜிட்டல் கருவிகள் வந்ததும் படத்தின் எண்ணை அழுத்தி, வேண்டியதை மட்டும் கேட்க முடிந்தது.

பெரிய மாற்றம் ஜிபிஎஸ்ஸால் வந்தது. 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். நூறு மீட்டர் பிசகினால் ராமேஸ்வரம் கோயிலின் கிழக்கு வாசலில் நிற்பவருக்கு அக்னி தீர்த்தக் கதை ஓடும். அந்தத் தடையை எடுத்து, போன்களும் பெருகிய பிறகு, நாம் பொத்தானைத் தொட வேண்டிய தேவையே போய்விட்டது. குறித்த எல்லைக்குள் நுழைந்ததும் பேச்சு தானாகத் தொடங்குகிறது. இப்போது பேச்சை எழுப்புவது இடம்.

ஆகவே நல்ல பெயருக்கு இரண்டு வேலை: குரலைச் சொல்ல வேண்டும், நடையையும் சொல்ல வேண்டும். இப்படிப் பார்த்தால் 'செவிவழிச் சுற்றுலா' தேறாது. 'செவிவழிச் செய்தி' என்று காலங்காலமாகச் சொல்லி, அதற்கு ஆதாரமில்லாத பேச்சு என்ற நிழல் விழுந்துவிட்டது. தனுஷ்கோடியைப் பற்றி ஏற்கெனவே போதுமான செவிவழிக் கதைகள் உலவுகின்றன. 'ஒலிவழிச் சுற்றுலா'வில் வேறு குழப்பம்: அந்த 'வழி' பாதையா, மூலமாகவா? 'குரல் சுற்றுலா' என்றால் குரலே சுற்றுலா போவது போல இருக்கிறது.

என் தேர்வு 'ஒலியுலா'. ஒலியும் உலாவும் சேரும்போது நடுவில் யகரம் இயல்பாக வந்து உட்காருகிறது. சொல்லச் சின்னது, ஓசையும் உண்டு. 'நகருலா'வைக் கேட்ட காதுக்கு இது அந்நியமாகவும் படாது.

இந்தப் பொருள் தமிழுக்குப் புதிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 'ஆற்றுப்படை' என்பது வேறென்ன? ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனை நிறுத்தி, எந்த வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் எதைக் காண்பாய், யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று வரிசையாகச் சொல்வான். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு, இந்த வகைதான். வள்ளலைப் புகழ்வதுதான் நோக்கம் என்றாலும் நமக்கு இனிப்பது அந்த வழிதான். சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம் வரும்போது, அங்கே பரதவர் பழந்தேறல் தருவார்கள், உலர்ந்த குழல்மீனைச் சுட்டதும் ஆங்காங்கே கிடைக்கும் என்கிறான். அவன் சொல்லும் வினை 'பெறுகுவிர்', நீங்கள் பெறுவீர்கள். முழுக்க முன்னிலை, இனி நடக்கப்போவதைச் சொல்லும் பேச்சு. இன்று பதிவுக் குரல் 'பாலம் இறங்கியதும் வலப்பக்கம் பார்ப்பீர்கள்' என்று சொல்வதற்கும் அதற்கும் இலக்கணத்தில் வித்தியாசமே இல்லை.

அப்படியானால் ஆற்றுப்படை என்றே வைத்துவிடலாமே? ஆசைதான். ஆனால் ஆற்றுப்படுத்துதலை இப்போது உளவியல் ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டார்கள். 'தனுஷ்கோடி ஆற்றுப்படை' என்று ஒரு செயலிக்குப் பெயர் வைத்தால், மனம் நொந்தவர்கள் வந்து இறக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

ஒலியுலா எழுதுபவருக்குத் தமிழில் இன்னொரு சொத்தும் இருக்கிறது. சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. அது, இது, உது. தமிழ்நாட்டில் உகரத்தைத் தொலைத்துவிட்டோம். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவர்', 'உங்கை' இன்றும் பேச்சில் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு அருகே உள்ள பொருளை அவர்கள் 'உது' என்பார்கள். பதிவுக் குரலின் நிலைமை சரியாக இதுதான். பேசுகிறவர் அந்த இடத்தில் இல்லை, கேட்பவர் மட்டும் நிற்கிறார். 'இந்தத் தூண்' என்று சொல்லப் பேசுகிறவருக்கு உரிமையில்லை, 'அந்தத் தூண்' என்றால் தூரமாகிவிடுகிறது. உகரம் கையில் இருந்திருந்தால் 'உந்தத் தூண்' என்று முடித்திருக்கலாம். ராமநாதபுரம் கரையில் நின்றுகொண்டு 'உந்த' என்றால் சிரிப்பார்கள் என்பதால், 'உங்கள் இடப்பக்கத் தூண்' என்று சுற்றி வளைக்கிறோம்.

இனி இந்தக் கரையில் ஒலியுலா எப்படி வேலை செய்யும் என்று பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் துலங்கும். பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எங்கும் நிறுத்தாமல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்றரை நிமிடம். நிதானமாகப் பேசினால் முந்நூறு, முந்நூற்றைம்பது சொல்தான் அதற்குள் அடங்கும். அதற்குள் 1914-ல் திறந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரு கைகளைப் போல மேலே விரியும்படி கட்டியது என்பதையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் போல நேராக மேலே ஏறும் என்பதையும் சொல்ல வேண்டும். 1988 வரை இந்தச் சாலைப் பாலமே இல்லை, தீவுக்கு ரயில்தான் கதி என்பதையும் விட முடியாது. இதில் பதிவு பழசாகும் தொல்லை வேறு. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. அதற்கு முன் பதிந்த குரல் 'இதோ ரயில் ஊர்ந்து போகிறது பாருங்கள்' என்றால், கேட்பவர் அந்தப் பாலத்தில் ரயிலைப் பார்க்கவே மாட்டார்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் ஒலியுலா நுழையவே முடியாது, செல்போனுக்கு அனுமதியில்லை. மூன்றாம் பிரகாரத்துத் தூண் வரிசையைப் பற்றி வாசலுக்கு வெளியே சொல்லி முடித்துவிட வேண்டும். உள்ளே இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி நனைந்து வருகிறவருக்குக் காதில் எதுவும் மாட்ட முடியாது என்பது தனி. அங்கே வாளியோடு நிற்பவர் சொல்லும் தீர்த்தப் பெயர்தான் வழிகாட்டி.

தனுஷ்கோடியில் நிலைமை வேறு. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும்முன் மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். ஓட்டுபவர் சொல்வதே வரலாறு. இப்போது சொந்த வண்டியில் நேரே போய்விடலாம், ஆனால் கதை சொல்ல ஆளில்லை. ஒலியுலாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இடிந்த தேவாலயத்தின் சுவர் அருகே நிறுத்தி, 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதைச் சொன்னால் போதும், சேர்க்க எதுவுமில்லை. ஒரே நிபந்தனை, பதிவை ராமேஸ்வரத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முனையில் நம் சிக்னல் தடுமாறும். சில போன்களுக்கு இலங்கை டவர் கிடைத்து ரோமிங் செய்தி எட்டிப்பார்க்கும். காற்று வேறு இரைந்துகொண்டே இருக்கும். சின்ன ஸ்பீக்கரில் பேசினால் ஒரு சொல்லும் காதில் விழாது.

அங்கே சொல்லும் பெயர்களிலும் கவனம் வேண்டும். வெளியூரில் உட்கார்ந்து எழுதுபவர் 'ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். தீவில் ஒன்று பெண் கடல், மற்றது ஆண் கடல். வடக்கே அமைதியானது பெண், தெற்கே அலையடிப்பது ஆண். அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தையும் விட்டுவிட மனமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே மேலும் கீழுமாக நிறைந்திருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு சுவரில், ராமாயணம் வேறோரிடத்தில். சொல்ல ஆளில்லாமல் பார்த்தால் எல்லாம் ஒரே நிறக் கலவை. 'கீழ் வரிசை, வலது மூலை' என்று காதுக்குள் ஒரு குரல் வந்தால் ஒவ்வொன்றாகப் பிரியும். திருப்புல்லாணி, தேவிபட்டினம், கீழக்கரை எல்லாவற்றுக்கும் கதை இருக்கிறது, ஆனால் இவ்வளவு அவசரம் அங்கே இல்லை.

மிச்சம் இருப்பது 'செல்ஃப் கைடட்'. இதைத் 'தனிச் சுற்றுலா' என்று எழுதுகிறார்கள். தவறு. ஒரு காரில் ஆறு பேர் கூட்டமாகப் போய்க் கேட்டாலும் அது செல்ஃப் கைடட்தான். 'ஆளில்லா' என்று போட்டால் விமானம் ஞாபகம் வருகிறது. 'சுயவழிகாட்டி' சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது. தமிழில் இதற்குத் 'தன்போக்கு' இருக்கிறது. 'அவன் தன்போக்கில் திரியுறான்' என்று வீட்டில் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல். திட்டில் இருக்கும் அத்தனையும் இங்கே வசதி: எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம், பாதியில் டீக்கடையில் உட்காரலாம், கேட்காமலே விட்டுவிடலாம். ஆக முழுப் பெயர் 'தன்போக்கு ஒலியுலா'. அன்றாடப் பேச்சுக்கு 'ஒலியுலா' போதும். கருவிக்கும் பதிவுக்கும் 'ஒலிவழிகாட்டி'.

வினை எது என்றும் சிலர் கேட்கலாம். சாமி உலா வரும், சுற்றுலா நாம் போவோம். ஒலியுலாவும் போவதுதான்: 'போன வாரம் தனுஷ்கோடிக்கு ஒலியுலா போனோம்.' 'ஒலியுலா கேட்டோம்' என்றால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதிவை மட்டும் கேட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.