வெள்ளவத்தை அனெக்ஸும் திரும்பாத முற்பணமும்

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கிருந்த அனெக்ஸைக் (வீட்டோடு ஒட்டிய தனிக் குடியிருப்பு) காலி செய்து நான்கு மாதங்களாகியும் முற்பணம் கைக்கு வராத ஒரு பெண்மணி, பற்றுச்சீட்டென்று என்னிடம் நீட்டியது அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாளை. "ஆறு மாத அட்வான்ஸ் கிடைத்தது" என்ற வரியும் ஒரு கிறுக்கல் கையொப்பமும் அதில் இருந்தன. தொகையோ திகதியோ வீட்டு முகவரியோ இல்லை.

இலங்கையின் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்பதைத் தடுக்கிறது. அதைக் கேள்விப்பட்டு, அச்சட்டத்தின் கீழ் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகைச் சபையைத் தேடி ஓடாதீர்கள். 1980 முதல் வந்த திருத்தங்களால், இன்று வாடகைக்கு விடப்படும் அனெக்ஸுகளும் மாடிவீடுகளும் பெரும்பாலும் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. முற்பணத்தைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் அரச நிறுவனமும் இங்கு இல்லை. வாடகைக் காலம் முடிந்ததும் வீட்டை விரைவாக மீட்க உரிமையாளருக்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. முற்பணத்தை மீட்கக் குடியிருந்தவருக்கு அப்படியொரு வழி திறக்கப்படவில்லை.

ஆகவே பணம் கைமாறுமுன்பே விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் செல்லாது. முத்திரை ஒட்டிய தாளில் நீங்களிருவரும் கையொப்பமிட்டால் மட்டும் போதாது. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, உறவினர் பணம் வாங்குவது வெள்ளவத்தையில் வழக்கம். அந்த உறவினரிடம், உரிமையாளருக்காகச் செயற்பட அவருக்கு அதிகாரமளிக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். இல்லையேல் பிற்பாடு, "பணம் அண்ணனிடம் போய்விட்டது, அவரிடம் பேசுங்கள்" என்பார்.

பணம் மறுக்கப்பட்டால், பொலிஸார் "இது சிவில் விஷயம்" என்று, இரு தரப்பையும் பேசி இணங்கவைக்க முயலும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டணமில்லை, ஆனால் பணத்தைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை. எதிர்த்தரப்பு வராமல் தவணைக்கு மேல் தவணை போனால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சபையின் வரம்புக்குட்பட்ட தொகையென்றால், அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் அதனுடன் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். வழக்குத் தொடர எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகளும் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகளுமே காலவரையறை என்பதால், "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெயின்ட் அடித்த செலவென்று கழிப்பதே வழமையான சாட்டு. குடிபுகும் நாளிலேயே சுவரிலுள்ள ஆணித்துளைகளையும் குளியலறைக் கசிவையும் படமெடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.