ஒஃபுரோ என்னும் ஜப்பானியக் குளியல் தொட்டியில் இறங்கும் முன் உடை மாற்றும் அறையைச் சூடாக்குங்கள்

ஜனவரியில் ஒரு நாள், இரவு பதினொரு மணிக்கு போன். டோக்கியோவின் எதோகாவா பக்கம் குடியிருக்கும், தம்பி மாதிரியான ஒரு பையன். "அக்கா, அப்பா டப்புக்குள்ளேயே மயங்கிட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம்." கண் விழித்துவிட்டார், பேசுகிறார் என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அடுத்து நான் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணி அடைப்பை எடுத்துவிட்டியா?"

"எந்த அடைப்புக்கா?"

எண்பது கிலோ எடை கொண்ட அப்பாவின் தலையை, முகம் தண்ணீரில் முங்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் மனைவி தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், ஆம்புலன்ஸுக்கான 119இல் பேசிக்கொண்டிருந்தாள். அடைப்பைத் திறக்கும் பட்டன் அவன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. அதை அழுத்தியிருந்தால் சில நிமிடங்களில் தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். இதை அவனுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு வந்த மூன்றாவது சேதி இது. முன்பு வந்த இரண்டில் ஒன்று, நான் வேலை செய்யும் முதியோர் மையத்துக்கு வரும் ஒரு பாட்டி. செவ்வாய்தோறும் வருவார். ஒரு செவ்வாய் வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு இரவு, வீட்டில், குளியல் தொட்டியில். மாற்றுடை வைத்த அவருடைய துணிப்பை இரண்டு வாரம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது.

நான் ஊரில் நர்சிங் படித்துவிட்டு, இப்போது டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சைதாமாவில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த வேலையை இங்கே 'கைகோ' என்பார்கள். என் வேலை நாளில் பாதி குளியலறையில்தான் போகிறது. ஒருவரைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் இரத்த அழுத்தம், நாடி, உடல் வெப்பம் எல்லாம் பார்ப்போம். மேல் அளவு 160ஐத் தாண்டினாலோ காய்ச்சல் 37.5ஐத் தொட்டாலோ எங்கள் மையத்தில் அன்றைக்குத் தொட்டிக் குளியல் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும் இடத்திலேயே இத்தனை கட்டுப்பாடு. வீட்டில் அதே பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இறங்குகிறார்.

இப்படி ஒரு சேதியைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது, "வழுக்கி விழுந்துட்டாரா?" தமிழர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், ஜப்பானியர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். "ரப்பர் விரிப்பு போட்டிருக்கோமே, கைப்பிடி வெச்சிருக்கோமே" என்பார்கள். விரிப்பும் வேண்டும், கைப்பிடியும் வேண்டும். ஆனால் தொட்டியில் மூழ்கிப் போகிற பெரியவர்களில் மிகப் பலர் விழவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, சுகமாகத் தலையைச் சாய்த்தபடி, நினைவு தப்பி, மெல்லச் சறுக்கி, மூக்கும் வாயும் தண்ணீருக்குள் போய்விடுகின்றன. விழுகிறவர் கத்துவார், வாளி உருளும், சத்தம் கேட்டு ஓடலாம். இதில் சத்தமே கிடையாது. "ஒரு சத்தமும் கேட்கலையே, ஊறிட்டு இருக்கார்னு நினைச்சோம்" என்று எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள். குளியலறைத் தரை ஜூலையிலும் ஈரம்தான், ஜனவரியிலும் ஈரம்தான். சோப்பு எல்லா மாதமும் ஒரே மாதிரிதான் வழுக்கும். வழுக்குவதுதான் காரணம் என்றால் ஆண்டு முழுக்க ஒரே அளவில் நடக்க வேண்டும். ஆனால் இந்த மரணங்கள் நவம்பரில் ஏறத் தொடங்கி, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்குப் போய், ஏப்ரல் வாக்கில்தான் அடங்குகின்றன. 2023இல் மட்டும் ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்களில் 6,500 பேருக்கு மேல் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார்கள். அந்த ஆண்டு அதே வயதினரில் சாலை விபத்தில் இறந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சான்றிதழில் மாரடைப்பு, பக்கவாதம் என்று எழுதப்பட்டவர்களையும் சேர்த்தால் குளியலோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்குச் சுமார் 19,000 இருக்கும் என்று இந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்குழு ஒன்று மதிப்பிட்டது. இத்தனை பேரும் ரப்பர் விரிப்பு போடாதவர்களா?

காரணம் குளிர். இரத்த அழுத்தம் குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும். அது உங்களுக்கே தெரியும். இங்கே அந்த ஏற்றமும் இறக்கமும் பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிகின்றன. இதற்கு 'ஹீட் ஷாக்' என்று பெயர். தம்பி மறுநாள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்திருக்கிறான். ஹாலில் 23 டிகிரி. குளியலறைக்கு வெளியே துணி கழற்றும் சின்ன அறையில் 9 டிகிரி. தொட்டித் தண்ணீரின் சூட்டைக் காட்டும் பேனலில் 43. அப்பா 23இலிருந்து 9க்குப் போய், வெறும் உடம்போடு நின்று, 43க்குள் இறங்கியிருக்கிறார். அதுவும் இரவுச் சாப்பாடு முடிந்து, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்ட பிறகு.

ஜப்பானிலேயே கடும் குளிர் அடிக்கும் ஹொக்கைடோவில் இந்த மரணங்கள் குறைவு. வெப்பமான ஒகினாவாவிலும் குறைவு. ஹொக்கைடோவில் வீட்டையே கனமாகக் கட்டி, முழு வீட்டையும் சூடாக்குகிறார்கள். நடுவில் இருக்கும் ஊர்களில்தான் ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்கிவிட்டு, நடையையும் கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் அப்படியே விட்டுவிடுகிற பழக்கம். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. உங்கள் வீட்டு உடை மாற்றும் அறையில் எத்தனை என்று பார்த்திருக்கிறீர்களா?

இதில் மரியாதை ஒரு பக்கம் கெடுதல் செய்கிறது. புதிதாக நிரப்பிய தண்ணீரில் முதலில் இறங்குவதை 'இச்சிபன் புரோ' என்பார்கள். வீட்டுப் பெரியவருக்கோ விருந்தாளிக்கோ அந்த இடம். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கும் அதைத்தான் கொடுப்போம். ஆனால் அந்த நேரத்தில்தான் குளியலறை ஐஸ் மாதிரி இருக்கும், தண்ணீரும் கொதியில் இருக்கும். புதுத் தண்ணீர் உடம்புக்கு விஷம் என்ற அர்த்தத்தில் இந்த ஊரிலேயே ஒரு பழமொழி உண்டு. மகனோ மருமகளோ முதலில் குளித்துவிட்டு வரட்டும். அறையில் ஆவி ஏறிய பிறகு அப்பா போகட்டும்.

"நம்ம ஊர்ல குளிக்காத வெந்நீரா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். ஊரில் நாம் ஊற்றிக் குளிக்கிறோம். ஒரு சொம்பு ஊற்றினால் சூடு வந்து போய்விடும், அடுத்த சொம்புக்குள் உடம்பு ஆறும். இங்கே கழுத்து வரை அமிழ்ந்து கிடக்கிறோம், உடம்புச் சூடு வெளியே போக வழியே இல்லை. 42 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் இருந்தாலே உடல் வெப்பம் 38ஐ நெருங்கும். வயதானவர்களுக்கு அது உறைக்காது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றுதான் தோன்றும். அப்புறம் சட்டென்று எழுவார்கள். அதுவரை உடம்பை அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் விலகியதும் தலைக்குப் போக வேண்டிய இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். கண் இருட்டிக்கொண்டு வரும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே உடை மாற்றும் அறையில் சின்ன ஹீட்டர் ஒன்றைப் போடுங்கள். துணி, துண்டு பக்கத்தில் தொங்க வேண்டாம். குளியலறைக்குள் அதைக் கொண்டு போகவே கூடாது. உங்கள் அபார்ட்மென்டில் துணி காயப் போடும்போது அமுக்குகிறீர்களே, அந்தக் குளியலறைப் பேனலில் 'டான்போ' என்றும் ஒரு பட்டன் இருக்கலாம். அது அறையைச் சூடாக்கத்தான். பத்து வருடம் குடியிருந்தும் அதைத் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வசதி இல்லையா, தொட்டி நிரம்பியதும் மூடியைத் திறந்து வையுங்கள், ஆவியே அறையைச் சூடாக்கும்.

பேனலில் 41க்கு மேல் வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு 40 போதும். தண்ணீரில் பத்து நிமிடம், அவ்வளவுதான். ஆறிவிட்டது என்று திரும்பச் சூடாக்கும் பட்டனை உள்ளே உட்கார்ந்தபடி அவர்களே அழுத்திக்கொண்டே இருக்க விடாதீர்கள். எண் என்ன காட்டினாலும் கையை விட்டுப் பாருங்கள். நான் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கை வைக்காமல் யாரையும் இறக்கியதில்லை. முதலில் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குவதுதான் இங்கே முறை. அப்போதே பாதத்தில் தொடங்கி, முழங்கால், இடுப்பு, தோள் என்று மேலே மேலே வெந்நீர் ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் அதை வெளியிலேயே சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். ஒரே தண்ணீரில் வீடே குளிக்கிறது.

எழும்போது விளிம்பைப் பிடித்து மெதுவாக. துண்டைக் குளியலறைக்குள்ளேயே வைத்து, அங்கேயே துவட்டிக்கொண்டு வெளியே வரட்டும். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர்.

குடித்துவிட்டு இறங்கவே கூடாது. "ஒரு கிளாஸ் பீர்தான்" என்று என்னிடம் வாதாடாதீர்கள். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் எந்த நேரத்தில் குளிக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோர் பகல் முழுக்க வீட்டில்தானே இருக்கிறார்கள்? யாராவது கூட இருக்கும் நாளில் நாலு மணிக்கே குளிக்கட்டும். வெயில் இறங்குவதற்குள் குளித்தால் வீடும் அவ்வளவு குளிர்ந்திருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. மறுநாள் துணி துவைக்கலாம் என்று தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டு வைக்கிற வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாமா? பத்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். மூடி போட்டிருக்கிறேன் என்பது பதில் இல்லை. குழந்தை அதன்மேல் ஏறும், மூடி உள்ளே விழும். கடைசி ஆள் குளித்ததும் தண்ணீரைத் திறந்து விடுங்கள். கழுத்தில் மாட்டும் காற்று வளையத்தை நம்பி, "தலைக்கு ஷாம்பு போட்டுக்கிறேன்" என்று திரும்பாதீர்கள், தயவுசெய்து.

யாராவது மயங்கிக் கிடந்தால்: முதலில் அடைப்பைத் திறந்துவிடுங்கள், தலையைத் தூக்குங்கள், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 119இல் தீயா ஆம்புலன்ஸா என்று கேட்பார்கள், 'கியூக்யூ' என்று சொல்லுங்கள். தூக்க முடியவில்லையென்றால் தொட்டி மூடியை விளிம்பில் வைத்து அவர் கைகளையும் முகவாயையும் அதன்மேல் ஏற்றிவிடலாம். வெளியே எடுத்த பின் மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். இன்றைக்கே வீட்டில் எல்லாரையும் அழைத்துப் போய் அந்த அடைப்பு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று காட்டுங்கள். உங்கள் எட்டு வயது மகளுக்கும்தான்.

இதைப் படித்துவிட்டு அப்பா அம்மாவை ஷவரோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்காக நான் எழுதவில்லை. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 30,000 பேரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கவனித்த ஜப்பானிய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. வாரத்தில் இரண்டு நாளோ அதற்குக் குறைவாகவோ தொட்டியில் குளித்தவர்களைவிட, தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் குளித்தவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் வந்தது 28 சதவீதம் குறைவு. ஆய்வு கிடக்கட்டும். பக்கவாதத்தில் இறுகிப்போன ஒரு கை 40 டிகிரித் தண்ணீரில் விரல் விரலாக விரிவதை நான் வாரம் ஐந்து நாள் பார்க்கிறேன். டிசம்பர் கடைசியில், பகல் மிகக் குறுகிய நாளன்று, தொட்டியில் எலுமிச்சை மாதிரியான யுசு பழங்களை மிதக்க விடுவோம். பேச்சே இல்லாத ஒரு தாத்தா அதில் ஒன்றைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

இந்த ஊரில் குழந்தைகளைத் தொட்டியில் உட்கார வைத்து, நூறு எண்ணிவிட்டு எழுந்திரு என்பார்கள். எங்கள் மையத்துக்கு வரும் பாட்டி ஒருவர் வீட்டில் இன்றும் சத்தமாக எண்ணித்தான் குளிக்கிறார். சமையலறையில் மகள் காது கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பாளாம். எண்ணிக்கை நின்றால் போய்க் கதவைத் தட்டுவாள். தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் அப்பா மார்ச்சில் ஊர் திரும்பும்வரை தினமும் சாயந்திரம் நாலரை மணிக்கு, 40 டிகிரியில், தமிழில் முந்நூறு எண்ணினார். கதவுக்கு வெளியே பேரன் உட்கார்ந்து கூடவே எண்ணினான். நூறுக்குமேல் தமிழில் எண்ண அவன் கற்றுக்கொண்டது அங்கேதானாம்.